அடியாள் அழகன்

அழகன் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. இலங்கை மலைநாட்டில், எங்கள் நோர்வூட் பக்கத்தில் அந்த மூஞ்சியைப் பார்த்து அழாத பிள்ளை கிடையாது. மதராசுக்குப் போய், கத்திச்சண்டைப் படங்களிலும் மாயாஜாலப் படங்களிலும் வில்லனுக்குப் பின்னால் நிற்கும் அடியாளாகவே பிழைத்தவன். கதாநாயகன் ஒரு குத்து விட்டால் சுழன்று விழ வேண்டும், படிக்கட்டில் உருள வேண்டும். அதற்குத்தான் சம்பளம். ஆனால் ஹட்டன் கொட்டகையில் படம் பார்த்த எங்கள் ஜனத்துக்கு அவன் விழுந்தது ஞாபகமில்லை. விழுவதற்கு முன்னால் முழித்த முழிதான் ஞாபகம்.

அறுபதாம் வருஷம், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ராசம்மாவைப் பார்க்க வந்தான். வந்த நேரம் சரியில்லை. பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தியதற்காகத் தோட்டமே வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. ஸ்டோரிலிருந்து தேயிலைப் பெட்டிகள் வெளியே போகாதபடி பெண்கள் பாதையை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ராசம்மா.

மறுநாள் காலை பெரிய கங்காணி மாயாண்டி அழகனைக் கூப்பிட்டனுப்பினார்.

"லாரி இன்னைக்குப் போயாகணும். டவுன்ல இருந்து ஆளுக தடியோட வந்திருக்கானுக. நீ முன்னால நில்லு, போதும். ஒன் மூஞ்சியப் பாத்தாலே பொம்பளைக கலைஞ்சிருவாளுக."

"நான் சினிமாவுல அடி வாங்குறவனுங்க."

"அது எனக்குத் தெரியும். அவளுகளுக்குத் தெரியாதுல்ல? மாட்டேன்னா சொல்லிரு. சாயந்தரம் ஒங்க அக்கா சட்டிபானை ரோட்டுல கெடக்கும். அவ குடியிருக்குற காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்."

அழகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். நிற்காவிட்டால் அக்காவுக்கு வீடில்லை. நின்று, பெண்கள் கலையாவிட்டால், தடி முதலில் இறங்குவது அக்கா தலையில்தான்.

நின்றான். பின்னால் தடிக்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் உறுமிக்கொண்டு லாரி.

"ஆத்தாடி, அந்தப் பாவி வாரான்டி!" என்று பெண்கள் சிலர் எழுந்து பின்வாங்கினார்கள். கங்காணி மீசைக்குள் சிரித்தார். ராசம்மா மட்டும் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே வந்தாள்.

"வெக்கமா இல்லையாடா? கூலிக்கு மாரடிக்க இங்கதான் வந்தியா?"

அழகன் பாதையோரத்தைப் பார்த்தான். கீழே சரிவு, சரிவின் அடியில் மழைத்தண்ணீர் ஓடும் கான். பிறகு படத்தில் முழிக்கும் அதே முழியை முழித்து, "தள்ளுடி கெழவி!" என்றான்.

வளர்த்த பிள்ளை வாயில் அந்தச் சொல். ராசம்மா கூடையை ஓங்கி அடித்துவிட்டாள். அந்த அடிக்குக் கொசுகூடச் செத்திருக்காது. அழகனோ மலை அதிர ஓர் அலறல் போட்டு, சுழன்று, சரிவில் உருண்டு கானுக்குள் விழுந்தான்.

தடிக்காரர்கள் அப்படியே நின்றார்கள். "டேய், அழகனையே சாச்சுட்டாடா!" என்றான் ஒருவன். பின்வாங்கிய பெண்கள் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்ப முன்னால் வந்தார்கள்.

ராசம்மா சரிவில் விழுந்தடித்து இறங்கினாள். "ஐயோ தம்பி, அவ்வளவு பலமாவா அடிச்சேன்?"

அழகன் கண்ணைத் திறக்கவில்லை. "கத்துக்கா. செத்துட்டான்னு கத்து. லாரி இன்னும் நிக்குது."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் வைத்த ஒப்பாரியை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை. கொலைக் கேஸுக்குப் பயந்து டவுன் ஆட்கள் தடியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். லாரி ரிவர்ஸிலேயே போய் ஸ்டோருக்குள் நுழைந்தது. கங்காணி எப்போது மறைந்தார் என்று யாருக்கும் தெரியாது.

"போயிட்டானுகடா, எந்திரி," என்று ராசம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

மதராசில் அவன் விழும் இடத்தில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். கானில் கருங்கல். எழப் பார்த்தான், வலது கால் கூடவே எழவில்லை.

"கொஞ்சம் இருக்கா," என்றான். "இது நடிப்பு இல்ல."

அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ராசம்மாவின் காம்பராவும் தப்பியது. அழகன் பிறகு மதராசுக்குப் போகவில்லை. நொண்டிக்காலோடு விழுகிறவனுக்கு யார் சம்பளம் தருவார்கள்?

அவன் நடித்த பழைய படம் ஹட்டனுக்கு வந்தால் நாங்கள் எல்லாரும் போவோம். திரையில் கதாநாயகன் கையை ஓங்கும்போது ராசம்மா எழுந்துவிடுவாள்.

"பாத்து விழுடா தம்பி, கீழ கல்லு இருக்கும்!"

பின்னால் இருப்பவர்கள் யாரும் அவளை உட்காரச் சொல்வதில்லை.