பேராசையில் முதலிடம்

"அம்பத்தூர்லேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் எத்தினி காலேஜ் கீதோ, அத்தினி காலேஜ் பசங்கள்லயும் நான்தான் ஃபர்ஸ்ட்டு!" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே அறிவித்தார் துலுக்கானம்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி வேம்புலியம்மாள் தலையைத் தூக்கவில்லை. "எதுல?"

"பேராசையில!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. பாடியிலிருந்த தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது ஓடுகிற லாரியை ஒற்றைக் கையால் நிறுத்தியது, வெள்ளத்தின்போது கரையான்சாவடி மெயின் ரோட்டில் திமிங்கலம் பார்த்தது எல்லாம் அந்த வாயிலிருந்து வந்தவைதான். ரிட்டையரான பிறகு மாலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்துவிட்டேன் என்றார். அவள் பின்னாலேயே போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "உக்காந்துகினு இருந்தத பார்த்தேன். படிச்சத பார்க்கல" என்று முடித்துவிட்டாள். அவள் வாயால் ஒரே ஒரு தடவை 'நெசந்தான்' என்று கேட்டுவிட வேண்டும். துலுக்கானத்துக்கு இந்தப் பிறவியில் வேறு குறையே கிடையாது.

இந்த முறை சங்கதி உண்மை. கல்லூரியில் உளவியல் நடத்தும் நிவேதிதா, பேராசை என்கிற குணம் அந்த வட்டாரக் கல்லூரிகளின் மாணவர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். 'எவ்வளவு கிடைத்தாலும் எனக்கு இன்னும் வேண்டும்' என்பது போன்ற வாக்கியங்களுக்கு, 'கொஞ்சமும் இல்லை' தொடங்கி 'முழுக்க உண்மை' வரை ஏதாவது ஒன்றைக் குறிக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாக நடுவில் குறித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். துலுக்கானம் அத்தனைக்கும் 'முழுக்க உண்மை' என்று போட்டார். அவர் அழுத்திய அழுத்தில் பேனா தாளைத் துளைத்து, மேசையைத் துளைத்து, கீழ்த்தளத்தில் கெமிஸ்ட்ரி நடத்திக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை நிவேதிதாவே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, எல்லாரையும்விட ஐயாவுக்குத்தான் மார்க் அதிகமா வந்திருக்கு. ஆனா விளையாட்டுக்குக் குறிச்சாரோன்னு சந்தேகம். அதான் கூட இருக்கிறவங்களைக் கேட்டுக்கிறேன். நீங்க அப்படியெல்லாம் இல்லைன்னு சொன்னா, அவர் பதிலை நீக்கிடுவேன்."

துலுக்கானம் அவசரமாக எழுந்து நின்றார். முதலிடமும் போய், இதுவும் அந்தத் திமிங்கலத்தோடு சேர்ந்துவிடும்.

வேம்புலியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "பேராசையா? இந்த மனுசனுக்கா? எல்லாம் புளுகு மிஸ்ஸு! பக்கத்து ஊட்டுக்காரன் கார் வாங்குனா, இவரு போயி சந்தோசமா கழுவி வுட்டுட்டு வருவாரு. ஒரு சட்டைய எடுத்தா நாலு தீபாவளிக்குப் போட்டுகினு திரிவாரு. இந்த மாதிரி ஒரு மனுசன..."

சட்டென்று நிறுத்தினாள். புருஷனை அவர் எதிரிலேயே புகழ்ந்துகொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

துலுக்கானம் பதறினார். "இந்தாம்மே, மானத்த வாங்காத! ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறப்போ, நீ சொம்பு குடுத்தா நான் இன்னா எடுத்துகினு போவேன்? மிஸ்ஸுகிட்ட சொல்லு!"

"இம்மாம் பெரிய தவல" என்றாள் அவள் முணுமுணுப்பாக.

"எந்தக் கோயிலுக்கு?"

"எந்தக் கோயில வுட்ட நீ? நெமிலிச்சேரி வரைக்கும் தவலையோட ரயில் ஏறிப் போனாரு மிஸ்ஸு."

"அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கத்தானேம்மா?" என்றார் நிவேதிதா.

"நானும் அப்டித்தான் நெனச்சேன். எதிர்வூட்டு மங்களம் கிண்ணத்த நீட்டுனா, தவலைய முதுகுக்குப் பின்னால ஒளிக்கிறாரு! கூழு புளிச்சி நுரை தள்ளிச்சி. அப்பவும் ஒரு கரண்டி குடுக்கல. கருவாட்டக் கடிச்சிகினு ஒண்டியா உக்காந்து வழிச்சி முடிச்சிட்டு, அடுத்த ஞாயித்துக்கெழம எங்க ஊத்துறாங்கன்னு கேக்குறாரு!"

"அப்போ, போதும்னு அவர் சொன்னதே இல்லையா?"

வேம்புலியம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். சொல்லியிருக்கிறார் என்றால் புருஷன் நல்லவர் ஆகிவிடுவார். இல்லை என்றால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். இரண்டில் எது மானக்கேடு என்று யோசித்தபடி அவரைப் பார்த்தாள். அவர் லுங்கி மடிப்பைக் கையில் பிடித்தபடி, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையனைப் போல நின்றார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கோ மிஸ்ஸு. இந்தாளு சொன்னது நெசந்தான். ஃபர்ஸ்ட்டு இவரேதான்."