திருட்டு பிரேக்

ஐம்பதைத் தாண்டிய பிறகு கோல்ஃப் விளையாடத் தொடங்கியவனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. நானே அதைவிட மோசமாகச் சொல்லிக்கொள்வேன். என்னிடம் கார் ஓட்டப் பழகிய பல் டாக்டர் ஒருவர் ஒருநாள் தன்னோடு என்னைக் கோல்ஃப் பயிற்சித் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் கம்பைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். காற்று அடிபட்டது, கொஞ்சம் புல் பறந்தது, பந்து மட்டும் வைத்த இடத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

இந்தப் பைத்தியத்துக்குக் கடலோரச் சுற்றுலா என்ற அடுத்த கட்டம் உண்டென்று டாக்டர்தான் சொன்னார். கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகிற சாலை. வழியில் சில ஊர்கள், ஊருக்கு ஒரு கோல்ஃப் மைதானம். ஓர் இடத்தில் பாறைமேல் நின்று அடித்தால், பந்து கடல்நீரைத் தாண்டி அந்தப் பக்கத்துப் புல்தரையில் விழ வேண்டுமாம். என் பந்து தரையைத் தாண்டவே யோசிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொந்தக் காரில், ஜன்னலை இறக்கிவிட்டு, பக்கத்தில் மனைவியோடு அந்தச் சாலையில் போவதாக மனக்கோட்டை கட்டத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்தது. நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தோம்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் என்பதே பல நாள் ஞாபகம் வராது. மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலையில் அவள் போவாள், நான் வருவேன். நான் போவேன், அவள் வருவாள். இந்தப் பயணத்தில் அவள் என்னோடு வர வேண்டும் என்பது கோல்ஃபைவிட எனக்கு முக்கியமாக இருந்தது. அதை நேராகச் சொல்லாமல், "அந்த ஊர்ல காத்து நல்லா இருக்குமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வரேன். ஆனா நானும் வண்டி ஓட்டுவேன்" என்றாள்.

"நீ எதுக்கும்மா சிரமப்படணும்?"

"பக்கத்துல உக்காந்து உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டே கடலைப் பார்க்க என்னால முடியாதுங்க. லைசென்ஸ் சும்மாதான கிடக்குது. கொஞ்ச நாள் பழக்கிவிடுங்க. எனக்கு வந்துச்சுன்னா போலாம். வரலேன்னா நீங்க டாக்டரோட போங்க, நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த லைசென்ஸ் அது. ஓட்டுவதற்கு ஒரு கார் வந்தபோது, அதோடு ஒரு கணவனும் வந்துவிட்டதால் அவள் ஓட்டவேயில்லை.

இங்கே என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறேன். பள்ளி என்றால் ஒரு சின்ன அறை, சுவரில் சாலைக் குறிகளின் படம், ஒரு கார், ஒரு நான். காரின் தலையில் 'பொறுமையே எங்கள் முதலீடு' என்று பலகை மாட்டியிருக்கிறேன். வாசகம் என்னுடையது. என் மனைவிக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் இருமல் வரும்.

அந்தக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் எங்காவது போய் மோதப் பார்த்தால் நான் மிதிக்க வேண்டியது. எல்லாப் பள்ளிகளிலும் இருப்பதுதான். என் தனித்திறமை வேறு. பழகுகிறவருக்கே தெரியாமல், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, மெல்ல மிதிப்பேன். வண்டி தானாக அடங்கும். தான்தான் சரியாக நிறுத்தியதாக அவருக்குத் தோன்றும். தைரியம் வரும். எனக்குள் இதற்கு நான் வைத்த பெயர் திருட்டு பிரேக். "என் கால் அங்க போகவே போகாது, ஓட்டுறது முழுக்க நீங்கதான்" என்று எல்லாரிடமும் சொல்வேன். நாளாக ஆக மிதிப்பதைக் குறைத்து, கடைசி வாரத்தில் அடியோடு நிறுத்திவிடுவேன். இந்த ஒரு வித்தையில்தான் என் பிழைப்பு ஓடியது, கர்வமும் ஓடியது.

மனைவிக்கும் அந்தக் காரில்தான் பாடம். முதல் நாளே கேட்டாள், "உங்க கால் அங்க வராதுல்ல?"

"வரவே வராது, ஓட்டுறது முழுக்க நீதான்" என்றேன். வழக்கமான பாட்டு, வாயிலிருந்து தானாக வந்தது.

அவள் நன்றாகவே ஓட்டினாள். அதுதான் எனக்குப் புரிந்துகொள்ள முடியாமல் போனது. கண்ணாடியைப் பார்த்தாள், விளக்கைப் போட்டாள், வளைவில் வேகத்தைக் குறைத்தாள். தினமும் எத்தனையோ பேருடைய கையில் வலிக்காமல் ஊசி ஏற்றுகிற கை; ஸ்டியரிங் அதில் சாதுவாக இருந்தது. ஆனால் ஓட்டுவது என் மனைவி என்றதும் எனக்குச் சாலையே மாறிவிட்டது. எதிரில் வருகிற லாரியெல்லாம் அவளைத் தேடிக்கொண்டு வருவதாகத் தோன்றியது. மற்றவர்களுக்குப் பத்து தடவை மிதித்தால் அவளுக்கு நூறு தடவை மிதித்தேன். குறைத்துக்கொண்டு போக வேண்டிய நாளில் கூட்டிக்கொண்டு போனேன்.

விளைவு அவள் முகத்தில் தெரிய ஆரம்பித்தது. "என்னங்க, வண்டி நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குதே. நான் அழுத்தறேன், அது தயங்குது. எனக்கு வராதோ?" என்றாள் ஒருநாள்.

"வரும் வரும். கிளச்சை இன்னும் மெதுவா விடு" என்றேன். கிளச்சில் ஒரு தப்பும் இல்லை.

நடுவில் ஒருநாள் அவள் என்னைக் கூப்பிடப் பயிற்சித் திடலுக்கு வந்தாள். டாக்டர் வேடிக்கையாக அவள் கையில் கம்பைக் கொடுத்தார். முழங்கை, முதுகு, மூச்சு என்று நான் வகுப்பு எடுத்து முடிப்பதற்குள் அடித்துவிட்டாள். பந்து உயரே போய், நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, நேராகப் போய் விழுந்தது. "இன்னொண்ணு அடிங்க" என்றார் டாக்டர். நான் கிட்டே போய் அவள் தோளைச் சரிசெய்தேன். அடுத்த பந்து நகரவில்லை. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, அவள் கம்பைப் பிடிக்கிற விதம் சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டிப் பார்ப்பது. நிம்மதியாகப் போய்வர முடிந்தால் கடலோரம். இல்லாவிட்டால் அக்கா வீடு. சொந்தக் காரைப் பயணத்துக்காகப் பட்டறையில் விட்டிருந்ததால், பலகை மாட்டிய பள்ளிக் காரிலேயே கிளம்பினோம். இன்றைக்கு என் கால் அசையக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் மடக்கிவைத்திருந்தேன்.

பாதி ஊர் தாண்டும்வரை தேர் மாதிரி போனது வண்டி. பெரிய நாற்சந்தியில் பச்சை விளக்கு. அவள் அளவான வேகத்தில் நுழைந்தாள். நடைபாதை ஓரத்தில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சாலையில் இறங்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை. மடக்கிவைத்த கால் எப்போது நீண்டதென்றே தெரியாது. திருட்டுத்தனமாக மிதிக்கிற நிதானமும் அதற்கு இல்லை. ஓங்கி மிதித்துவிட்டேன். வண்டி நடுச்சந்தியில் சட்டென்று நின்றது. பின்னால் வந்த வேன் எங்கள் முதுகில் இடித்தது.

யாருக்கும் அடிபடவில்லை. பின்பக்க விளக்கு உடைந்து சாலையில் சிதறியது. வேன் டிரைவர் இறங்கி நேராக அவளுடைய ஜன்னலுக்கு வந்தார்.

"ஏம்மா, பச்சை எரியறப்ப நடுரோட்டுல நிறுத்துறியே. ஓட்டத் தெரியலேன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதான?"

"மன்னிச்சுக்கங்க. என் தப்புதான். எப்படி நின்னுச்சுன்னே தெரியல" என்றாள்.

அவள் கை ஸ்டியரிங்மேல் நடுங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் மகள் பிறந்து மூச்சு விடத் திணறியபோதுகூட அந்தக் கை அசையாமல் இருந்தது. அதை நடுங்கவைக்க நான் தேவைப்பட்டிருக்கிறேன்.

இறங்கிப் போய் டிரைவர் முன்னால் நின்றேன். "அவங்க சரியாத்தான் ஓட்டினாங்க அண்ணே. பிரேக் போட்டது நான். என் பக்கத்துல ஒண்ணு இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பலகையை நிறுத்தி நிதானமாகப் படித்தார். "பொறுமையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ்ஸுக்காக நின்றிருந்த என் மாணவி ஒருத்தி, பேங்க்கில் வேலை பார்ப்பவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்ப எனக்கும் போடுவீங்களா மாஸ்டர்? நேத்து நிறுத்தினதும் நான் இல்லையா?" என்று கேட்டாள். மானம் கப்பலேறிவிட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. காருக்குள் என் மனைவி முகத்தைத் திருப்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

வேன் போன பிறகு, "நான் ஓட்டட்டுமா?" என்றேன்.

"பின்னாடி உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் வீடுவரை ஓட்டினாள். வண்டி ஓர் இடத்திலும் தயங்கவில்லை. எங்கள் சந்துக்குள் ஒரே வீச்சில் திருப்பி, சுவரை ஒட்டி நிறுத்தினாள். நான் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு மாதிரி இருந்தேன்.

உள்ளே வந்து வரைபடம் விரித்த மேசைமுன் உட்கார்ந்தாள். என் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "தினமுமா?"

"தினமும்."

"வண்டி தயங்குறப்பல்லாம்?"

"ஆமா."

"எனக்கு வயசாயிடுச்சு, புத்தி மந்தமாயிடுச்சுன்னு நினைச்சேங்க. ஆஸ்பத்திரியில ஊசி போடும்போதுகூட ஒரு தடவை யோசிக்க ஆரம்பிச்சேன். என் கையையே நான் நம்பாம இருந்தேன்."

"பயமா இருந்துச்சும்மா."

"வண்டிக்கா?"

"உனக்கு. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "உங்க பயத்தை நீங்க வச்சுக்கிட்டிருக்கலாம். எங்கிட்ட ஏன் கொடுத்தீங்க?" என்றாள்.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். பாறைகளை ஒட்டிப் போகிற அந்தச் சாலையில் நான் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தேன். அங்கே நான் ஓட்ட வேண்டும் என்பதுதான் மொத்தக் கனவும். அவள் விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்தாள்.

"போலாம். ஆனா இந்த ரோட்டை நான் தனியா ஓட்டுவேன். நீங்க பஸ்ல வாங்க. மைதானத்து வாசல்ல பார்த்துக்கலாம்."

"தனியாவா?"

"தனியாத்தான். போய்ச் சேர்ந்தா நான்தான் ஓட்டினேன்னு எனக்குத் தெரியணும்ல."

"சரி, என் கோல்ஃப் பையாவது கார்ல வரட்டுமே?"

"வேணாம். வளைவுக்கு வளைவு அது பின்னாடி கடகடன்னு சத்தம் போடும். நீங்க உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும்."

அப்படித்தான் நான் அந்தக் கனவுச் சாலைக்குப் பஸ்ஸில் போனேன். என் ஆளுயரப் பையைப் பார்த்த கண்டக்டர் மீன் பிடிக்கப் போகிறேனா என்று விசாரித்தார். கிட்டத்தட்ட அப்படித்தான், பந்தெல்லாம் தண்ணீருக்குள்தான் போகும் என்றேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர், மடியில் கருவிப்பையோடு.

கடலைப் பார்த்தேன். டாக்டர் இதில் பாதிகூடச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பாறைகளுக்குக் கீழே தண்ணீர் பச்சையாகவும், தள்ளிப் போகப் போக நீலமாகவும் கிடந்தது. இத்தனை அழகையும் பார்க்க முடியாதபடி என் கண் மறுபடி மறுபடி சாலைக்கே ஓடியது. எங்களுக்குப் பின்னால்தான் கிளம்பியிருப்பாள். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன். வரவில்லை. போன் எடுத்தேன், ஓட்டுகிறவளைக் கூப்பிடக் கூடாது என்று உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

வளைவுகள் முடிந்து சாலை நேராக நீண்ட இடத்தில் எங்கள் கார் தெரிந்தது. அவசரப்படாமல் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. எதிரே முழுவதும் காலியாகும்வரை காத்திருந்தாள். விளக்கைப் போட்டாள். சீராக வெளியே வந்து, எங்களைத் தாண்டி, போதுமான இடம் விட்டுத் திரும்பத் தன் வரிசைக்குள் நுழைந்தாள். ஜன்னலை இறக்கிவிட்டிருந்தாள். பஸ் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் பக்கத்தில் இருக்கும்போது அதை நான் பார்த்ததேயில்லை.

"என் சம்சாரம்" என்றேன், யாரும் கேட்காமலே.

குழாய் ரிப்பேர்க்காரர் எட்டிப் பார்த்தார். "பிரமாதமா ஓட்டுறாங்களே. யாரு சார் கத்துக்கொடுத்தது?"

கார் தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்தது.

"யாரும் இல்லைங்க" என்றேன். "அவளே கத்துக்கிட்டா."