படிகாரத் தண்ணீர்

ஆடிக்குத் தாய்வீடு போகிற புதுப்பெண் என்றால் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்ட கிருஷ்ணவேணியோ ஜெயிலிலிருந்து விடுதலையானவள் மாதிரி ஏறி உட்கார்ந்தாள். ஜன்னலோரம் நின்று கையாட்டிய புருஷன் சவுரிராயனைச் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், அவன் முகம் செத்துப்போயிற்று.

அவன்மேல் அவளுக்குக் கோபமா? ஒரு மண்ணும் இல்லை. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை வியாபாரம் முடிந்து வரும்போதெல்லாம் பூ வாங்கி வருகிற மனுஷன். ஆனால் அவனோடு சேரும்போது உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு, தெரிந்தால் தள்ளி வைத்துவிடுவார்கள் என்று பயந்தே செத்தாள்.

திண்டிவனத்துத் தாய்வீட்டில் அண்ணி பாஞ்சாலி லேசில் விடவில்லை.

"இன்னாடி, அவரு பேச்ச எடுத்தாலே மூஞ்சி சுண்டிப் போவுது?"

கிருஷ்ணவேணி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அண்ணி நேராக லேடி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "எதைப் போட்டுக் கழுவுறே?" என்றார்.

"படிகாரத் தண்ணிங்க. சுத்தமா இருக்கணும்னு கல்யாணத்துக்கு முன்ன பெரியம்மா சொன்னாங்க. வலிக்க வலிக்க இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டேங்க."

"நல்லா போட்டே போ! அதான் காய்ஞ்சி புண்ணாயிருக்கு. வலிக்குமேங்கிற பயத்துல சதை வேற இறுகிப் போவுது. மத்தபடி உனக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. படிகாரத்தைத் தூக்கிப் போடு, வெறும் தண்ணி போதும். இந்த மருந்தைத் தடவு. ஆறுற வரைக்கும் சேரக் கூடாது. அப்புறமும் அவசரம் கூடாது, தேங்கா எண்ணெய் தடவிக்கலாம். வலிச்சா உடனே நிறுத்தணும். இதெல்லாம் அவருக்கும் தெரியணும், வாயைத் தொறந்து சொல்லு."

ஆவணி பிறந்தது. அழைத்துப் போக மாப்பிள்ளை வரவில்லை. வீடே கலங்கியது. கிருஷ்ணவேணி பையைத் தூக்கிக்கொண்டு தானே விழுப்புரம் பஸ் ஏறினாள்.

சவுரிராயனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வெட்கத்தை விட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வலியா?" அவன் திகைத்துப்போனான். "ஒனக்கு என்னையே புடிக்கலைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன். இஷ்டமில்லாதவள எப்டி இஸ்துக்கினு வர்றதுன்னுதான் வரல."

"புடிக்கலைன்னா நான் ஏன் டாக்டர்கிட்ட போறேன்?"

அவன் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நல்லா ஆறட்டும். வருசம் ஆனாலும் நான் கிட்ட வரமாட்டேன், போதுமா?"

"ஐயோ, டாக்டரம்மா அவ்ளோ நாளெல்லாம் சொல்லலைங்க" என்றாள் அவள் அவசரமாக.