துண்டு விரிக்காத நாற்காலி

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது அவள்தான். நானாக எழுதியிருக்கமாட்டேன். எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றித் தெருவில் நின்று பேச எவனுக்கும் இடம் கொடுத்தவன் இல்லை நான். அச்சில் பேச நானே இடம் கொடுப்பேனா? ஆனால் அவள் கேட்டாள். கேட்டதோடு நிபந்தனையும் போட்டாள். "நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அழுதுகினு எழுதாதீங்க. இன்னா பண்ணலாம்னு தெரியாம என்னை மாரி எத்தினியோ பேரு கீறாங்க. அவங்களுக்கு ஆவற மாரி எழுதுங்க."

ஆகவே அவளுக்கு ஜாக்குலின் என்று பெயர் வைக்கிறேன். அப்பாவுக்கு ராஜேந்திரன். வீட்டை அணுபுரத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அது அவர்களுடைய நிஜ ஊர் இல்லை. அவர்களுக்கு நான் என்ன உறவு என்று சொன்னால் அவளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். குடும்பத்தில் மூத்தவன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

(குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக்கூடாது என்று போக்சோ சட்டமே சொல்கிறது. குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றியே பழகிய எனக்கு, ஒரு பெண்ணின் பெயரை அவளுக்காகவே காப்பாற்றுவது புது வேலையாக இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: மாமல்லபுரத்துக் கடற்கரையில் அன்று அலைகள்—

வேண்டாம். அலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் தொடக்கம்: ஜாக்குலினுக்குப் பத்து வயதிருக்கும்போது, மாதா கோவிலுக்குப் பின்னாலிருந்த அறையில்—

இதையும் அடிக்கிறேன். அந்த அறைக்குள் இந்தக் கதை நுழையாது. அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டியவள் அவள். கேட்க வேண்டியவர்கள் நீதிமன்றத்தில் இருக்கிறார்கள். நீங்களும் நானும் வெளியே நிற்போம்.

மூன்றாம் தொடக்கம் மீனில் ஆரம்பிக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ராஜேந்திரன் சதுரங்கப்பட்டினத்துக் கரைக்குப் போய், படகுகள் வரும்வரை காத்திருந்து, தன் கையாலேயே ஒரு வஞ்சிரத்தைப் பொறுக்கி எடுத்தார். ஐஸ் பெட்டியில் அதை வைத்து, பஸ் மாறிப் பஸ் ஏறி, வேறொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோனார். மகளுக்குக் கல்யாணம். அவளுக்குப் புதுநன்மை கொடுத்த சாமியார் இப்போது அங்கே இருந்தார்.

குழந்தைகள் பாதிரியார் கையால் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவதைத்தான் புதுநன்மை என்பார்கள். அதைக் கொடுத்த கையே தாலியையும் மந்திரிக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ராஜேந்திரனுக்கு அப்படித்தான் நடந்தது. மகளுக்கும் நடக்க வேண்டாமா?

(அந்தச் சாமியாருக்கு நான் பெயர் வைக்கவில்லை. எந்தப் பெயரை வைத்தாலும் அந்தப் பெயரில் எங்கோ ஒரு நல்ல சாமியார் இருப்பார்.)

நல்ல சாமியார்களை அந்த வீடு பார்த்திருக்கிறது. ராஜேந்திரனின் அப்பா படாளத்தில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். பெரிய வீட்டு வாசலில் நின்றுகொண்டேதான் பேசியவர். அவர் குடிசைக்குள் குனிந்து வந்து, உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்த முதல் வெளியாள் ஒரு சாமியார்தான். வந்தவர் உட்கார்ந்தது கவிழ்த்துப்போட்ட அண்டாவின்மேல். அந்தக் குறையைத் தீர்க்க அப்பா பிறகு ஒரு தேக்கு நாற்காலி செய்துவைத்தார். சாமியார் யாராவது வந்தால் அதில் வெள்ளைத் துண்டு விரிப்பார்கள். வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. ராஜேந்திரன் படித்து, அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, சொந்த வீடு கட்டிய பிறகும் கூடத்தில் அந்த நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாவலூரில் வேலை பார்க்கும் ஜாக்குலின் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா சந்திரம்மா சோறு போட்டார்.

"தாலி மந்திரிக்க யாரு வர்றாங்கோ, சொல்லு பாப்போம்?" என்றார் ராஜேந்திரன்.

"யாரு?"

"உனக்குப் புதுநன்மை குடுத்தாரே, அவருதான்! மீனக்கூடப் பாக்கல. 'ஜாக்குலின் எப்படி இருக்கா'ன்னு உன்னத்தான் மொதல்ல கேட்டாரு."

ஜாக்குலின் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "அவரு வந்தா நான் வரமாட்டேன், நைனா."

"உன் கல்யாணத்துக்கு நீயே வரமாட்டியா? அப்போ மாப்ள சாமை மட்டும் மாலை போட்டு நிக்கவெச்சு போட்டோ எடுத்துக்கறதா?"

அதைக் கேட்டு சந்திரம்மா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"புதுநன்மை கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரையும் அனுப்பிட்டு என்னை மட்டும் நிறுத்திவெப்பாரு. ஞாபகம் கீதா? எனக்கு ஜெபம் வரலன்னு." தட்டைத் தள்ளிவைத்தாள். "எனக்கு எல்லா ஜெபமும் வந்துச்சு, நைனா."

4

ராஜேந்திரன் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு—

நடக்கவில்லை. முதல் வரைவில் அவரைத் தேம்பி அழவைத்திருந்தேன். அவள் படித்துவிட்டு, "இது எங்க நைனாவா? சீரியல்ல வர்ற நைனா மாரி கீது" என்றாள். சரி, நடந்ததையே எழுதுகிறேன். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது:

"இத யார் யாருகிட்ட சொன்ன?"

உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும். வரட்டும். குடும்பப் பெயரை முதுகில் சுமந்துகொண்டே நடந்த மனிதருக்குக் கால் தடுக்கும்போது கை முதலில் மூட்டையைத்தான் பிடிக்கும்.

"யாருகிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் மொதல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சந்திரம்மா மகளின் முதுகில் கை வைத்தபடி நின்றார். சோறு காய்ந்துபோன பிறகு ராஜேந்திரன் எழுந்து, மகளின் தட்டைத் தன் தட்டின்மேல் வைத்து எடுத்துப்போய், குழாயடியில் கழுவினார். அந்த வீட்டில் அதற்குமுன் அவர் எந்தத் தட்டையும் கழுவியதில்லை.

திரும்பி வந்து, "அந்தாளு வரமாட்டான்" என்றார். "நீ வேற இன்னா பண்ணனும்னு சொல்றியோ, அத்தப் பண்லாம்."

5

ஜாக்குலின் செங்கல்பட்டுக்குப் போகலாம் என்றாள். அங்கே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வழக்கறிஞர் ஷபானா. ராஜேந்திரன் முதுகு வளையாமல் உட்கார்ந்து ஆரம்பித்தார்: "எங்களுக்குத் தெரிஞ்ச வூட்ல ஒரு பொண்ணு, மேடம்..."

"அந்தத் தெரிஞ்ச வூடு எங்க வூடுதான்," என்றாள் ஜாக்குலின். "பொண்ணு நான்தான்."

ஷபானா தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். "எங்க நிறுத்தணும்னு தோணுதோ அங்க நிறுத்திக்கலாம்."

அவள் சொன்னாள். பிறகு ராஜேந்திரன் கேட்டார்: "இத்தினி வருசம் ஆயிப்போச்சே?"

"போக்சோவுல புகார் கொடுக்கக் கால வரம்பு இல்ல சார். பெரியவங்களாகிட்டாலும் உரிமை போகாது. மத நிறுவனத்துல பொறுப்புல இருக்கறவர் செஞ்சிருந்தா சட்டம் அதை இன்னும் கடுமையாப் பார்க்கும்."

"பிஷப்புகிட்ட சொன்னா போதாதா? வெளிய தெரியாம முடிஞ்சிடும்."

"சொல்லலாம். அவங்க விசாரணை தனி. அது போலீஸ் புகாருக்குப் பதில் ஆகாது, புகார் கொடுக்க அவங்க அனுமதியும் வேண்டாம். தெரிஞ்சே அவங்க மறைச்சா அதுவும் குற்றம்."

"எம்பொண்ணு ஸ்டேஷன் படி ஏறணுமா?"

"வீட்டுக்கே வரச் சொல்லிக் கேட்கலாம். பெண் எஸ்.ஐ., யூனிஃபார்ம் இல்லாம வருவாங்க. பிறகு மாஜிஸ்திரேட் முன்னாடி ஒரு வாக்குமூலம். விசாரணை மூடின கதவுக்குள்ள. வக்கீலுக்குச் செலவு இல்ல. இழப்பீடும் கேட்கலாம்."

ஜாக்குலின் கேட்டாள்: "ஜெயிக்குமா?"

"சத்தியம் பண்ணமாட்டேன்மா. இவ்வளவு நாள் கழிச்சு மருத்துவச் சான்று கிடைக்காது. உங்க வார்த்தைதான் சாட்சி. நம்பும்படியா இருந்தா அது ஒண்ணே போதும்னு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கு. ஆனா எதிர்த் தரப்பு குடைஞ்சு கேட்பாங்க. நோகும்."

அவள் வழக்கறிஞரை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "நைனா, நீ மீன் எடுத்துனு போனியே. அங்க பசங்களுக்கு கிளாஸ் நடக்குதா?"

"நடக்குது. வாசல்ல வரிசையா நின்னுகினு இருந்துச்சுங்க." ராஜேந்திரன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "ஒரு குட்டிப் பொண்ணுதான் எங்கையிலேர்ந்து பெட்டிய வாங்கி உள்ள எடுத்துனு போச்சு."

பிறகு ஜாக்குலின், "எழுதிக்கோங்க மேடம்" என்றாள். ராஜேந்திரன் நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

(போக்சோ நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பரில். அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டம் பொருந்தும். அதில் கடுமையான குற்றங்களுக்குக் கால வரம்பு இல்லை. சிறியவை சிலவற்றுக்கு உண்டு. உங்களுடையது எது என்பதைக் கதை எழுதுபவனிடம் கேட்காதீர்கள், வழக்கறிஞரிடம் கேளுங்கள். குற்றம் செய்தவர் பூசாரியோ, மௌலவியோ, போதகரோ, சட்டம் ஒன்றுதான்.)

திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "காலையில சாம்கிட்ட சொன்னேன். தேதியத் தள்ளிவெக்கலாமா, சாமியார மாத்தலாமா, நீ சொல்றதுதான்னான். அப்புறம், 'நல்ல வஞ்சிரத்தப் பாழாக்கிட்டாரே உங்க நைனா'ன்னான்."

ராஜேந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்புதானா என்று அவள் எட்டிப் பார்த்தாள். பாதி சிரிப்பு.

6

முடிவு ஒன்று: செங்கல்பட்டு நீதிமன்ற வாசலில் அந்த ஆளை வேனில்—

நீதிபதி சொல்லாத தீர்ப்பை நான் எழுதமுடியாது.

முடிவு இரண்டு: மேளம், மாலை, வேறொரு சாமியார், ஜாக்குலின் முகத்தில்—

நடந்த கொடுமையைக் கல்யாணத்தால் துடைக்கிற கதைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

முடிவு மூன்று: அவள் புகார் கொடுக்கவில்லை. சொல்லவேண்டியவரிடம் சொல்லியாயிற்று, போதும் என்று இருந்துவிடுகிறாள். அப்படி இருப்பவர்கள் உண்டு. அவர்களைக் கோழை என்பவனை என் வீட்டுப் படி ஏறவிடமாட்டேன். ஆனால் இவள் அப்படி இருக்கவில்லை.

7

எஸ்.ஐ. காயத்ரி ஒரு காலையில் பருத்திப் புடவையில் வந்தார். ராஜேந்திரன் கூடத்தின் மூலையிலிருந்து தேக்கு நாற்காலியைத் தூக்கிவந்து நடுவில் போட்டார்.

"துண்டு விரிக்கணுமா?" என்றார் சந்திரம்மா.

"வாணாம்."

தனக்குத்தான் என்று நினைத்து எஸ்.ஐ. அதன் பக்கம் போனார்.

"மன்னிச்சிக்கோங்க மேடம், அது எம்பொண்ணுக்கு," என்று ராஜேந்திரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். பிறகு மகளிடம், "உக்காரும்மா" என்றார்.

ஜாக்குலின் அந்த நாற்காலியைச் சிறிது நேரம் பார்த்தாள். தாத்தா செய்துவைத்த கைப்பிடியைத் தடவினாள். உட்கார்ந்தாள், நன்றாகச் சாய்ந்து.

ராஜேந்திரன் நின்றுகொண்டே கேட்டார்: "நான் உள்ள இருக்கட்டுமா, வெளிய போவட்டுமா?"

அவள் பதில் சொன்னாள். அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. அழகாக எழுதி, அவளிடம் காட்டினேன். முழுவதையும் படித்தாள். மீனை அப்படியே விட்டாள், ஜெபத்தை விட்டாள், தட்டு கழுவியதையும் விட்டாள். என் பேனாவை வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் அடித்தாள்.

"இது எங்க நைனாவுக்குச் சொன்னது," என்றாள்.

அடித்தது அடித்தபடியே இருக்கிறது:

"— — — — —"