இடிமுகனுக்கு இசை போட்டவர்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம்.

என் சிறுகதைத் தொகுப்புக்குப் பொன்னமராவதியில் வெளியீட்டு விழா வைத்தார்கள். அதற்குப் பிளக்ஸ் அடிக்க பிரகதீஸ்வரியின் கடைக்குப் போனேன். "நூலாசிரியர் பேரை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடலாங்களா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டபோது, பிரகதீஸ்வரி மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பேருக்காக எங்க வீட்டுல நடந்த கூத்து ஒங்களுக்குத் தெரியாது சார். இங்கிட்டு உக்காருங்க."

பிளக்ஸ் மெஷினிலிருந்து வெளியே வருகிற வரைக்கும் சொன்னார். நான் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத எழுத வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார். அவர் சொன்ன திருத்தங்களை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். (முதல் திருத்தம்: "என்ன சார், என்னையப் போயி அவள், இவள்னு எழுதியிருக்கீங்க?" எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன்.)

2

தொடக்கங்கள்.

"வானம் கறுத்திருந்தது, பிரகதீஸ்வரியின் மனத்தைப் போலவே..." (அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயிலாம். அடித்துவிட்டேன்.)

"சித்தன்னவாசலில் தாமரைக் குளத்தைத் தீட்டியவரின் பெயர் நமக்குத் தெரியுமா? கலைஞன் என்பவன்..." (இது கட்டுரை. அழகாக இருந்ததால் விட மனமில்லை. ஆனால் அங்கே கல்வெட்டில் குகையைப் புதுப்பித்தவரின் பெயர் இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். யோசித்தால் அது இன்னும் மோசம்.)

"வெள்ளிக்கிழமை படம். புதன்கிழமை காலையில் இரண்டு கோஷ்டியும் ஒன்றாகக் கடைக்குள் நுழைந்தது." இது போதும். இதிலிருந்தே போகலாம்.

3

இடிமுகன் சினிமா சூப்பர் ஹீரோ, கைதட்டினால் இடி விழும். இரண்டு பாகம் வந்து ஓடிவிட்டது, அந்த வெள்ளிக்கிழமை மூன்றாவது. அவன் வரும்போதெல்லாம் ஏழே சுரத்தில் ஓர் இசை வரும். கேட்டால் பால் குடிக்கிற பிள்ளையும் கைதட்டும். முதல் பாகத்துக்கு இசை பெரியவர். இரண்டிலும் மூன்றிலும் புதியவர். (பெயர் சொல்லமாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.) புதியவர் அதே ஏழு சுரத்தை நிதானமாக்கி, நாற்பது பேரைக் கோரஸ் பாடவைத்தார். சண்டை அதில்தான் ஆரம்பித்தது.

பெரியவர் கட்சிக்குத் தலைவர் வெற்றிசெல்வன், சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். புதியவர் கட்சிக்கு ஜெபக்குமார், எலெக்ட்ரீசியன். தியேட்டர் வாசலில் ஒரு பிளக்ஸுக்குத்தான் இடம் என்பதால் வேறு வழியில்லாமல் சேர்ந்து வந்திருந்தார்கள். கீழே மூன்று வரிசையில் நாற்பத்திரண்டு ரசிகர்களின் போட்டோ, கோஷ்டிக்குப் பாதி. அதெல்லாம் சுமுகமாக முடிந்தது. 'இசை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் யார் பெயர் என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது.

"மெட்டு போட்டது யாரு? பெரியவரு. அப்பறம் என்ன பேச்சு?"

"மொத பாகத்துல அது செல்போன் ரிங்டோன் மாதிரி கெடந்துச்சுண்ணே. எங்காளு தொட்டப்பறந்தான் முடி சிலிர்த்துச்சு."

"கட்டுன வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சவன் ஓனராடா?"

"பெயிண்ட் அடிக்காத வீட்டுக்கு யாருண்ணே குடி வருவா?"

கடைசியில் இருவருமே பிரகதீஸ்வரியைப் பார்த்தார்கள். "அக்கா, ரெண்டு பக்கமும் சேராத ஆளு நீங்கதான். நீங்களே ஒரு பேரப் போடுங்க, சண்டை போட மாட்டோம். நாளைக்கு மத்தியானம் வாரோம்."

பிரகதீஸ்வரி தலையாட்டினார். அந்த ஏழு சுரத்தைப் போட்டது பெரியவரும் இல்லை, புதியவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய வீட்டுக்காரர் ஆத்மநாதன் போட்டது அது.

ஆத்மநாதன் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். கல்யாணமான புதிதில் சென்னைக்குப் போய் நான்கு மாதம் பெரியவரின் ஸ்டுடியோவில் இருந்தார். ஒருநாள் சாப்பாடு வரத் தாமதமானபோது சும்மா அந்த ஏழு சுரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாராம். யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். சம்பளம் ஒழுங்காக வராததால் ஊருக்குத் திரும்பிவிட்டார். பிறகு அதைத் தியேட்டரில்தான் கேட்டார்.

இரண்டு பாகத்துக்கும் பிரகதீஸ்வரி அவரை இழுத்துக்கொண்டு போனார். இந்த மாதிரிப் படங்களில் பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி வரும். அதற்காகத் தியேட்டரே காத்திருக்கும். பிரகதீஸ்வரி மட்டும் பெயருக்காகக் காத்திருப்பார். ஜெனரேட்டர் வேன் ஓட்டியவர் பெயர் வந்தது, சாப்பாடு போட்டவர் பெயர் வந்தது. ஆத்மநாதன் வரவில்லை.

"வேகமா ஓடிருக்கும், கண்ணுல பட்டிருக்காது" என்றார் ஆத்மநாதன், இரண்டு தடவையும். அவர் அப்படிச் சொல்வதைத்தான் பிரகதீஸ்வரியால் தாங்க முடியவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பெயர் நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுத்தில் வந்துவிட வேண்டும்.

4

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டேன். ஆத்மநாதன் சொல்வது உண்மைதானா? சினிமாவுக்கென்று சென்னை போய் ஊர் திரும்பியவர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். அவரை நான் கொஞ்சம் பொய்யராகவே...

("ஒங்களுக்கு என்ன சார் சந்தேகம்? சென்னைக்குப் போறதுக்கு முன்னாடியே எங்க கல்யாண ரிசப்சன்ல அத வாசிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.")

சாட்சி இருந்தது. அந்தப் புதன்கிழமையே கடையைச் சாத்திவிட்டு பிரகதீஸ்வரி ரெங்கசாமியிடம் ஓடினார். கல்யாண வீடியோ எடுத்தவர் அவர். சிடியிலிருந்ததைப் போன மாதம்தான் பென்டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தார். போட்டார்கள். கோட்டு போட்ட மாப்பிள்ளை ஆத்மநாதன் மேடையிலிருந்து இறங்கி, கச்சேரிக்காரரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் ஏழு சுரமும் கணீரென்று விழுந்தது.

பின்னாலேயே நாற்பது பேர் கோரஸும் விழுந்தது.

"என்னண்ணே இது?"

"பழைய பாட்டெல்லாம் தூக்கிட்டு, இப்ப ட்ரெண்டிங்ல இருக்குறதப் போட்டுருக்கேம்மா. கச்சிதமா செட்டாயிருச்சுல்ல?"

"அன்னைக்கு மண்டபத்துல கேட்ட சத்தம் எங்கண்ணே?"

"கல்யாண வீடியோவுக்கு எதுக்கும்மா அந்தச் சத்தம்? ஒரே எரைச்சலு. அத அப்பவே அழிச்சாச்சு."

பிரகதீஸ்வரி விடவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு விரலைப் பார்க்கலாம், எந்தக் கட்டை என்பது தெரிந்தால் போதும் என்றார். மறுபடி ஓட்டினார்கள். ஆத்மநாதனின் விரல் கட்டையைத் தொடுகிற நேரத்துக்கு இடது பக்கத்திலிருந்து சிவப்பாக ஓர் இதயம் மிதந்து வந்தது. உள்ளே நகையும் பூவுமாகப் பிரகதீஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தார். இதயம் நேராக வந்து விரல்களின் மேல் உட்கார்ந்தது. ஏழு சுரமும் முடிந்த பிறகுதான் எழுந்து போனது.

"மாப்ள வாரப்பல்லாம் எம்மொகம் வரணும்னு நீதானம்மா கேட்ட" என்றார் ரெங்கசாமி.

("இத அவசியம் எழுதணுமா சார்?" அவசியம் எழுத வேண்டும்.)

5

முடிவுகள்.

ஒன்று. பிரகதீஸ்வரி இரண்டு பெயரையும் போடுகிறார், எல்லாரும் சமாதானம். (எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டு. தியேட்டர் வாசல். கூட்டம். ஆத்மநாதன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஏழு சுரம். ஊரே வாயடைத்து... ("அவருக்கு அன்னைக்குக் காரையூர்ல கச்சேரி சார்.") இந்த முடிவை இழந்ததில் எனக்கு ரொம்ப வருத்தம்.

மூன்று. நடந்தது. பிரகதீஸ்வரி 'இசை: ஆத்மநாதன்' என்று இடிமுகனின் பூட்ஸை விடப் பெரிய எழுத்தில் அடித்தார். உருட்டிக் கட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் பிளக்ஸ் ஏறியது. இரண்டு கோஷ்டியும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. எதிரே கடை வாசலில் நின்று பிரகதீஸ்வரி அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா!" என்று ஓடி வந்தார் வெற்றிசெல்வன். "எம்போட்டோ என்னக்கா இவ்வளவு கறுப்பா இருக்கு?"

ஜெபக்குமாருக்குத் தன்னை ஏன் இரண்டாவது வரிசையில் வைத்தார்கள் என்று கோபம். நாற்பத்திரண்டு பேரும் தங்கள் முகத்தைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். நான்கு நாள் அந்தப் பிளக்ஸ் அங்கே நின்றது. ஊரில் ஒரு ஆளும் அந்த வரியை வாசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆத்மநாதன் காரையூர் பஸ்ஸை விட்டு இறங்கினார். பிரகதீஸ்வரி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பிளக்ஸுக்குக் கீழே நிறுத்தினார். ஆத்மநாதன் அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒன்று சொன்னார்.

என்ன சொன்னார்?

"அது வேணும்னா, ஒங்க கதைக்கு மேல எம்பேரப் போடுங்க சார்" என்றார் பிரகதீஸ்வரி.

நானும் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். கதை என்பது சம்பவம் மட்டுமில்லை, நடை இருக்கிறது, நயம் இருக்கிறது என்றேன். போனில் சிரிப்புக் கேட்டது. "நாப்பது பேரு கோரஸா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே, வாசகரே, ஆத்மநாதன் சொன்னது எனக்குத் தெரியாது. அவர் எதிரில் நிற்கிற பிரகதீஸ்வரியை இவ்வளவு தூரம் பார்த்துவிட்டீர்கள், நீங்களே சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு வேலையும் உண்டு. திரும்பிப் போய்த் தலைப்புக்குக் கீழே பாருங்கள். யார் பெயரும் இல்லை, ஒரு பெயர் எழுத இடம் இருக்கிறது. உங்களுக்கு நியாயம் என்று படுகிற பெயரை எழுதுங்கள்.

என் பெயரை எழுதினால் நான் தடுக்கமாட்டேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள்.