ஏழு காசுச் சீட்டு

இத்தாலியின் பலேர்மோவில் துவக்கோடு நின்ற ஆமிக்காரனைக் கண்டவுடன் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் செருகி, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிய முதல் மனிதர் ஞானசேகரம்தான். அந்த ஊர்ச் சனம் ஆமிக்காரனிடம் நேரம் கேட்கும், நெருப்புப்பெட்டி கேட்கும். கிழவிகள் மரக்கறிப் பையை மணல் மூட்டையில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். கை தூக்குகிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை.

அன்று காவலுக்கு நின்றவன் மார்க்கோ, இருபது வயது, முகம் முழுக்கப் பரு. அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான், தனக்குப் பின்னால் நின்று ஆரோ இந்த மனிதருக்குத் துவக்கு நீட்டுகிறார்களாக்கும் என்று. பின்னால் மதில்தான் இருந்தது.

ஞானசேகரம் வேலை செய்த வீடு ஐந்தாம் மாடியில். மூன்றாம் மாடியில் ஒரு நீதிபதி குடியிருந்தார். மாஃபியா நீதிபதிமாரைக் குண்டு வைத்துக் கொன்றபிறகு அரசாங்கம் நாட்டின் வடக்கிலிருந்து பெடியன்களை அனுப்பி, இப்படியான வீட்டு வாசல்களில் மணல் மூட்டை அடுக்கியிருந்தது. அது 1997. மூட்டைகளில் புல் முளைத்து, காவல் நின்றவர்களுக்கு அலுப்புத் தட்டியிருந்த காலம்.

ஞானசேகரத்துக்கு அந்த மூட்டைகளைக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்தது, பிறகு ஒருவிதத்தில் ஆறுதலாயும் இருந்தது. பன்னிரண்டு வருசம் வவுனியாவில் கூட்டுறவுக் கடை நடத்தியவர். டவுன் ஆமியிடம். வடக்கே கொஞ்சம் போனால் இயக்கத்தின் இடம். நடுவில் ஒருவருக்கும் சொந்தமில்லாத வெட்டை. மாமியார் வீடு அந்தப் பக்கம், ஏழு மைல். போய்வர மூன்று நாள். மாமியாரோடு கோபித்துக்கொண்டு எழும்பி வருவதற்குக்கூட இரண்டு பக்கமும் அனுமதி எடுக்க வேண்டும், அதற்குள் கோபம் ஆறிவிடும். கடைக்கு வந்த சவர்க்காரத்துக்குக் கணக்கு, மெழுகுதிரிக்குக் கணக்கு, பற்றரி என்றால் வாயே திறக்கக்கூடாது. ஆனால் முறை ஒன்று இருந்தது. இறங்கு, உருட்டு, அடையாள அட்டையைக் குடு, அதற்குக் கடதாசித் துண்டை வாங்கு, போ. திரும்பி வரும்போது துண்டைக் குடு, அட்டையை வாங்கு. முறை தெரிந்தவன் உயிரோடு இருந்தான்.

ஆகவே இரண்டாம் நாள் அவர் தன் பெர்மெஸ்ஸோவை, இத்தாலியில் இருக்க அனுமதிக்கிற, படம் ஒட்டி நாலாய் மடித்த அந்த ஒற்றைத் தாளை, மார்க்கோவிடம் நீட்டினார்.

"வேண்டாம். போங்கோ மேலே," என்றான் மார்க்கோ.

ஞானசேகரம் போகவில்லை. தாளை மூட்டைக்கு மேல் வைத்துவிட்டுக் கையை ஏந்திக்கொண்டு நின்றார். துண்டு தராமல் உள்ளே விடுகிறவனை எப்படி நம்புவது? நாளைக்கு இவன் தன்னைக் காணவே இல்லை என்பான்.

மூட்டைகளுக்குப் பின்னால் ஆமிக்காரர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மார்க்கோ சும்மா பகிடிக்கு ஒரு சீட்டை உருவிக் கொடுத்தான். தலையில் முடி வைத்த ராசா. ஞானசேகரம் அதன் இரண்டு பக்கத்தையும் பார்த்தார், சட்டைப்பையில் வைத்தார், நன்றி சொன்னார், மேலே போனார். நாலு மணிக்கு இறங்கி வந்து ராசாவைக் கொடுத்துப் பெர்மெஸ்ஸோவை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது நாளாந்தம் நடந்தது. பெர்மெஸ்ஸோ சீட்டுப் பெட்டிக்குள் பத்திரமாய் இருக்கும். ஞானசேகரம் மேலே வீட்டுக்காரி சிஞ்ஞோரா ருசோவின் புருசனுடைய சேட்டுகளை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருப்பார். கீழே ஆமிக்காரர் ஒரு சீட்டுக் குறைவாய் விளையாடுவார்கள்.

போர்கோ வெக்கியோப் பகுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த அகஸ்ரின் இதைக் கேட்டுவிட்டுக் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தான். அகஸ்ரின் மன்னார்க்காரன், பலேர்மோவில் எட்டு வருசம்.

"அண்ணை, கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. உங்களை ஆராவது இறங்கச் சொன்னவங்களே?"

"சொல்லும் வரைக்கும் நிண்டால் அங்கை பிணமடா."

"இது இஞ்சை. இஞ்சை ஆமிக்காரன் கோயில் சுருவம் மாதிரி, பேசாமல் நிப்பான். நாங்கள் கும்பிடவும் தேவையில்லை."

"நீ மன்னாரிலை ஆமி வர முதல் ஓடினனி. உனக்கென்ன தெரியும்?"

"ஓம், ஓடினது புத்தி. நீங்கள் இன்னும் சைக்கிளை உருட்டுறியள்."

ஜூலை மாதம் குவெஸ்தூராவிலிருந்து, வெளிநாட்டவரின் பத்திரம் பார்க்கிற பொலிஸ் கந்தோரிலிருந்து, ஞானசேகரத்துக்கு நாள் கிடைத்தது. வியாழன் காலை எட்டரை. மனைவி குகனேஸ்வரியை இத்தாலிக்கு எடுப்பதற்கான விண்ணப்பம். பெர்மெஸ்ஸோவின் அசலோடு வரவேண்டும்.

குகனேஸ்வரி வெட்டைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். அந்தக் குற்றத்துக்காகக் கட்டின புருசனுடைய சொந்த வீட்டில் இருப்பதற்கு அவளுக்குக் கிழமைக்குக் கிழமை பாஸ் தேவைப்பட்டது. ஒவ்வொரு சனியும் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் திரும்பிப் போ. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இந்தச் சனிக்கு மேலை தரமாட்டம் எண்டுட்டாங்கள். வெளிநாட்டுப் பேப்பர் ஒண்டைக் காட்டினால் கொழும்புக்கு விடுவாங்களாம். வியாழக்கிழமை விண்ணப்பத்தைக் குடுத்துப்போட்டு அவங்கள் தாற துண்டை ஃபக்ஸ் பண்ணுங்கோ. மறந்து போயிடாதேங்கோ."

"துண்டு விசயத்தை நான் மறப்பனே?"

புதன்கிழமை மார்க்கோ அவருக்குக் கொடுத்தது ஏழு பொற்காசு போட்ட சீட்டு. அந்த விளையாட்டில் ஆகப் பெறுமதியான சீட்டு அதுதான். மூன்று நாளாய் அதை வைத்தே தன்னைத் தோற்கடித்த கோப்ரலைப் பழிவாங்க, அதை ஐந்தாம் மாடிக்கு அனுப்பிவிட்டான். ஞானசேகரத்துக்கு இதெல்லாம் தெரியாது. துண்டு துண்டுதான்.

மத்தியானம் இரண்டு ட்ரக் வந்து பழைய பெடியன்களை அள்ளிக்கொண்டு போயின. புதுசு இறங்கியது. அவர் அப்போது குளியலறை ஓடு தேய்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு இறங்கி வந்து மணல் மூட்டைக்கு முன்னால் நின்று ஏழு காசை நீட்டினார். நீட்டிய இடத்தில் மீசை வைத்த புதுக் கோப்ரல் நின்றான்.

"இது என்ன?"

"துண்டு. பெர்மெஸ்ஸோ தாங்கோ."

கோப்ரல் சீட்டைப் பார்த்தான். நீதிபதியின் யன்னலைப் பார்த்தான். பலேர்மோவுக்கு வரமுதல் அவனுக்கு ஒரு கிழமை வகுப்பு எடுத்திருந்தார்கள். மாஃபியா நேரே வந்து பேசாது, செத்த மீன் அனுப்பும், அறுத்த ஆட்டுத்தலை அனுப்பும் என்று. சீட்டைப் பற்றி வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இன்னும் பயந்தான்.

பத்து நிமிசத்தில் கரபினியேரிப் பொலிஸ்காரர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கொப்பியைத் திறந்தார்.

"இதைத் தந்து விட்டது ஆர்?"

"ஆமி."

"எந்த ஆமி?"

"இந்த ஆமி."

"ஏழு என்றால் என்ன அர்த்தம்? ஏழு நாளா? ஏழு பேரா?"

"நேற்று குதிரை போட்டது தந்தவை," என்றார் ஞானசேகரம். மூத்தவர் அதையும் எழுதினார்.

"தொக்குமென்ரி? உன்னுடைய பத்திரம் எங்கே?"

"உங்களிட்டைத்தான் இருக்கு."

"எங்களிடமா?"

"காலமை குடுத்தனான். அதுக்குத்தான் இது."

மூத்தவர் பேனையை மூடினார். "ஆமிக்காரனிடம் பத்திரத்தைக் கொடுக்கச் சொன்னது ஆர்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஆமிக்காரன் நிண்டான்."

அதற்குள் சிஞ்ஞோரா ருசோ வீட்டுச் செருப்போடு ஐந்து மாடியும் இறங்கி வந்துவிட்டாள். எழுபது வயது. சிஞ்ஞோரா கத்தினால் தெரு அந்தத்தில் மீன் விற்கிறவன் வாயை மூடுவான். "இவனா மாஃபியா? கழுத்துப்பட்டிக்கு இப்படி மினுக்குப் போடத் தெரிந்த மாஃபியாக்காரன் ஒருவனைக் காட்டு, நான் அவனையும் வேலைக்கு வைக்கிறேன்!" பிறகு அவளே அகஸ்ரினுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

அகஸ்ரின் வந்து முழுக்கதையையும் சொன்னான். கரபினியேரி இரண்டு தரம் கேட்டார்கள். மூன்றாம் தரம் தங்களுடைய சந்தோசத்துக்குக் கேட்டார்கள். மூத்தவர் றேடியோவில் விசாரித்தார். பழைய பெடியன்கள் துறைமுகத்தில், ஏழு மணிக் கப்பலில் ஊருக்குப் போகிறார்கள். நேரம் ஐந்தே முக்கால்.

"நாளைக்கு எட்டரைக்குக் குவெஸ்தூரா," என்றார் ஞானசேகரம். "சனிக்கிழமை அவளின்ரை பாஸ் முடியுது."

"ஏறுங்கோ அண்ணை சைக்கிளிலை. இண்டைக்கு ஒரு இடத்திலையும் இறங்கப்படாது."

அகஸ்ரின் மிதித்தான், ஞானசேகரம் பின்னால் குந்தியிருந்தார். வழியில் இன்னும் இரண்டு நீதிபதி வீடுகள், இரண்டு காவல் அரண்கள். ஒவ்வொன்றிலும் அவருடைய கால் தன்பாட்டில் நிலத்தில் ஊன்றியது, சைக்கிள் இழுபட்டது. "காலைத் தூக்குங்கோ அண்ணை! தூக்குங்கோ!"

துறைமுகக் கேற்றில் உள்ளே விடவில்லை. பத்திரம் இல்லாமல் விடமாட்டார்களாம். ஞானசேகரம் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"அண்ணை, அந்தச் சீட்டை எடுத்தியளெண்டால் நான் இப்பவே கடலுக்கை குதிச்சிடுவன்."

கம்பி வேலிக்கு அப்பால் ஆமிக்காரர் மூட்டை முடிச்சோடு கப்பலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே பச்சை உடுப்பு. அகஸ்ரின் "மார்க்கோ!" என்று கூப்பிட்டான். பதினைந்து பேர் திரும்பினார்கள், ஒருவனும் அவனில்லை. கப்பல் ஊதியது.

ஞானசேகரம் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். சைக்கிளை நிமிர்த்தி இடுப்போடு சாய்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் செருகினார். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி, அசையாமல் நின்றார்.

ஏணியின் பாதியில் ஒருவன் நின்றான். அப்படி நிற்கிற மனிதன் பலேர்மோ முழுவதிலும் ஒருவன்தான் என்று அவனுக்குத் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு, ஏறுகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மார்க்கோ இறங்கி ஓடிவந்தான். ஓடும்போதே பையைக் கிளறிச் சீட்டுப் பெட்டியை எடுத்து, மடித்த தாளை உருவிக் கம்பிக்கூடாக நீட்டினான்.

ஞானசேகரம் அதைத் தொடவில்லை. முதலில் ஏழு காசுச் சீட்டை அவனுடைய கையில் வைத்தார்.

"வைத்துக்கொள்ளுங்கள், ஞாபகத்துக்கு!"

"கூடாது. துண்டு திரும்பி வரவேணும்." பிறகுதான் பெர்மெஸ்ஸோவை எடுத்தார்.

அவனைத் திருப்பிக் கூப்பிடப் பின்னாலேயே இறங்கி வந்த பழைய கோப்ரல் சீட்டைக் கண்டுவிட்டான். "ஏழு காசு உன்னிடமா இருந்தது? முழுநாளும் தேடினேனே, கள்ளா!" மார்க்கோ கப்பலுக்கு ஓடியதா, கோப்ரலிடமிருந்து ஓடியதா என்று சொல்ல முடியாது.

வியாழக்கிழமை குவெஸ்தூராவில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பெர்மெஸ்ஸோவை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தாள். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டாள். ஒரு சின்னத் தாளில் எண் எழுதி, ரப்பர் முத்திரை குத்திக் கையில் கொடுத்தாள். அகஸ்ரின் சிரிப்பை அடக்க மற்றப்பக்கம் பார்த்தான். ஞானசேகரம் அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். இந்த நாட்டில் இப்போதுதான் முதல் தரமாக ஒருவர் கேட்காமலே துண்டு தருகிறார்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து அதை ஃபக்ஸ் அடித்துவிட்டு, வவுனியாவுக்கு எடுத்தார். குகனேஸ்வரி அங்கே காத்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்தாச்சே?"

"ஓம். துண்டும் தந்தவை. தொண்ணூறு நாளிலை வரட்டாம்."

பாஸ் வரிசையில் நின்ற வருசங்களில் ஒரு மாசத்துக்கு மேல் நாள் போட்ட துண்டை அவள் ஒருவர் கையிலும் கண்டதில்லை.

"தொண்ணூறோ?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "ஆரையப்பா பிடிச்சனீங்கள்?"