ஜாபஸ் மாறிட்டாரு

1

இந்தக் கதை எனக்குக் கொரட்டூர் ஸ்டேஷன் பெஞ்சில் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் போனில், "நம்ம ஜாபஸ் மாறிட்டாராமே, ஐயரே வீட்டுக்குப் போறாராம்" என்றார். அதற்குள் ஆவடி வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மீதியை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மார்கழிப் பனியில், ஒரு பேஸ் கிட்டாரின் ஆழ்ந்த நாதம்...' அடித்துவிட்டேன். கொரட்டூரில் பனியைவிடக் கொசு அதிகம்.

பிறகு: 'அன்புள்ள வாசகருக்கு, இங்கு யாவரும் நலம், ஜாபஸ் தவிர...' இது பரவாயில்லை. ஆனால் ஆளை அறிமுகப்படுத்தாமல் நலம் சொல்வது முறையல்ல.

2

ஜாபஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சபைப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார். நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் நின்று தாங்குகிற சத்தம். இருக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள், நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருக்கு ரெல்டன்தான் கிட்டார். ஓக்கிடா, தகர டப்பா. (இரண்டும் கிட்டார் கம்பெனிகளுக்கு நான் வைத்த பெயர்கள். நிஜப் பெயர் போட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் எனக்கு எழுதுவார்கள். பதில் போடாமல் எனக்குத் தூக்கம் வராது.)

போன வருஷம் ஐயர் (சபைப் போதகரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) யாரோ காணிக்கையாகத் தந்த புது ஓக்கிடாவை ஆசையாக நீட்டினார்.

"இதுல வாசிச்சா ஆண்டவருக்கே காது வலிக்கும் ஐயரே" என்றார் ஜாபஸ், மொத்தக் குழுவுக்கும் முன்னால். ஐயர் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

இந்த மனுஷனை எனக்குப் பிடிக்கவில்லை என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அப்புறம் அவரைக் கடைக்கு அனுப்பிப் பார்த்தேன்.

3

குமணன்சாவடியில் கிட்டார் கடை. ரெல்டனுக்குக் கம்பி வாங்க வந்தார். கூட எஸ்டேட் நண்பர் வெங்கட். கல்யாணக் கச்சேரிகளில் ஓக்கிடா வாசிக்கிறவர்.

"சும்மா தொட்டுப் பாரு மாமே. கடிக்காது" என்றார் வெங்கட், அங்கே மாட்டியிருந்த ஓக்கிடாவைக் காட்டி.

"தகரம் பட்டா ஊசி போடணும்டா."

தொட்டார். தடித்த கம்பியை ஒரு தடவை மீட்டினார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அடிவயிற்றில் [இங்கே ஓர் உவமை. மூன்று எழுதினேன், மூன்றும் பொய்.] என்னவோ செய்தது. தோளில் கனமே தெரியவில்லை. இருபது வருஷமாகத் தோள்வலியும் சங்கீதத்தில் சேர்த்தி என்று நினைத்திருந்தார்.

"இன்னா மாமே, தகர டப்பா எப்டி கீது?"

ஜாபஸ் கடைக்காரரிடம் திரும்பினார். "பையில போட்டுக் குடுங்க. பேரு போடாத பை."

4

வீட்டில் அவர் மனைவி ரெனிதா பையைத் திறந்தாள். கிட்டாரின் தலைப்பக்கம் இருந்த பேரைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சாராளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இவரு மாறிட்டாருக்கா! இத்தன வருஷம் கழிச்சு! யார்ட்டயும் சொல்லிடாத, வெக்கப்படுறாரு."

அந்தச் சபைக் குடும்பங்களில் 'மாறிட்டாரு' என்றால் ஒரே அர்த்தம்தான்: வேறு சபைக்குப் போய்விட்டார். சாராள் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபிக்க மட்டும் சொன்னாள், ஏழெட்டுப் பேரிடம்.*

* 'மாத்திட்டாரு' என்று சொல்லியிருந்தால் எனக்குக் கதையே கிடையாது.

5

சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வந்து சோபாவில் உட்கார்ந்தார். மறுநாள் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. சோபாவுக்குப் பின்னால் பேரு போடாத அந்தக் கறுப்புப் பை.

"சுத்தி வளைக்கல தம்பி. நாளைக்கு உங்க எடத்துல வேற ஆளு போடச் சொல்றாங்க. எனக்கு மனசில்ல. மாறினது நெசமா?"

ஜாபஸ் ஓரக்கண்ணால் பையைப் பார்த்தார். "ஒரு தடவ தொட்டுப் பாத்தேன் ஐயரே. மனசு போயிடுச்சி."

"எங்க?"

"குமணன்சாவடில."

ஐயர் கண்ணை மூடித் திறந்தார். "இங்க இல்லாதது அங்க என்ன தம்பி?"

"சத்தம் ஐயரே. அடிவயிறு வரைக்கும் போவுது."

"ஆமா, அங்கெல்லாம் சத்தம் ஜாஸ்திதான்" என்றார் ஐயர் வருத்தத்தோடு. "ஞானஸ்நானம்? அங்க மறுபடி எடுக்கச் சொன்னாங்களா?"

அப்போதுதான் ஜாபஸுக்கு விளங்கியது. காபி கொண்டுவந்த ரெனிதாவுக்கும். "ஐயரே, இவரு..." என்று அவள் வாயெடுக்க, ஜாபஸ் கண்ணாலேயே கும்பிட்டார்.

6

பையைத் திறந்தால் நாளைக்கு அவர் இடம் அவருக்கு. ஆனால் ஐயர் கேட்பார்: "இப்ப ஆண்டவருக்குக் காது வலிக்காதா தம்பி?" குழு முழுக்கக் கேட்கும், அடுத்த கிறிஸ்துமஸ் வரை.

'நான் மாறலை' என்று மட்டும் சொல்லிவிட்டு, காலையில் ரெல்டனைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஓக்கிடா கட்டிலுக்கு அடியில், அவர் இல்லாதபோது ரெனிதா துடைக்கிற...

வேண்டாம். அழுகை வருகிறது. நான் சிரிப்புக் கதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கிட்டார் மாற்றியதை ஒப்புக்கொள்வதைவிட, சபை மாறினேன் என்று சொல்லிவிடுவது. இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். செய்யக்கூடிய ஆள்.

எதையும் நான் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. ஜாபஸின் கை சோபாவுக்குப் பின்னால் போய் ஜிப்பின் மேல் நிற்கிறது. இழுக்கட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ஐயர் செருப்பைத் தேடுகிறார்.